கயிறு இழுத்த அன்று

— மறுபடி சொல்லுங்க, சுகயா சான். முதல்லேர்ந்து.

— எத்தனை தடவை, தலைவரே... பெல்ட்டுல ரைஸ் குக்கர் வந்துச்சு. மூடியில திருகு ஒண்ணு இல்ல. தலைக்கு மேல கயிறு தொங்குது. இழுத்தேன்.

— விளக்கு எரிஞ்சுது. பாட்டு வந்துது. ஃபாக்டரி லைன் மொத்தமும் நின்னுது.

— அதான் எல்லாரும் பார்த்தாங்களே.

— ஒரு வருஷமா கேக்காத பாட்டு. லைன் கடைசியில நிக்கிற இசோபே கிழவர்கூட ஓடி வந்தார், பார்த்தீங்களா.

— சாப்பாட்டு மணின்னு நினைச்சு ஓடி வந்தாரு.

— சிரிக்காதீங்க... இந்தாங்க, டப்பா காபி. சூடா இருக்கு.

— தலைவர் காசுலயா? இன்னிக்கு மழைதான்.

— கொட்டட்டும். நான் இந்த லைனுக்குத் தலைவரா வந்த நாள்லேர்ந்து காலைக் கூட்டத்துல கத்துறேன். தப்பைப் பார்த்தா இழுங்க, இழுங்கன்னு. ஒரு கை மேல போகல.

— பழைய தலைவரும் அதையேதான் சொன்னாரு. நம்ம லைன்ல இருந்த சிகுசாப் பொண்ணு நம்பி இழுத்துச்சு. எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டு அழுதுகிட்டே வீட்டுக்குப் போச்சு.

— தெரியும்...

— அப்புறம் எவ இழுப்பா? வந்ததை அனுப்பு, மணி ஆனா கிளம்பு.

— மேல முடிவே பண்ணிட்டாங்க. இந்த மாசமும் கயிறு ஆடலேன்னா தப்புப் பார்க்க உங்க இடத்துல கேமரா. நீங்க எல்லாரும் கிடங்குக்கு.

— அதை நீங்க சொல்லவே இல்லியே.

— சொன்னா பயந்துபோய் இழுப்பீங்க. அது எதுக்கு?

— அதுவும் சரிதான்.

— இப்ப பாருங்க, ஆளாளுக்கு வாயைத் திறந்துட்டாங்க. திருகு டப்பா இடது பக்கம் இருக்கணுமாம். இசோபே படமே போட்டுக் காட்டுறார்... சுகயா சான், ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.

— காபி குடிச்சாச்சு. இனி எப்படிக் கோபப்படுறது?

— காலையில ஒரு குக்கர்ல மூடி ரப்பரைத் திருப்பிப் போட்டுட்டேன். நான்தான். யாராவது இழுக்கிறாங்களான்னு பார்க்க. உங்க இடத்துக்கு முன்னாடிதான் வெச்சேன்.

— அப்புறம்?

— நீங்க இழுத்தது திருகுக்கு. அது நிஜத் தப்பு. அப்ப என்னோட ரப்பர்... கடைக்கே போயிருக்குமோ?

— போகல.

— எப்படித் தெரியும்?

— சரியா மாட்டித்தான் அனுப்பினேன். வருஷம் பூரா அப்படித்தான். கையால முடிஞ்சதைச் சரிபண்ணிடுவேன். முடியாததுக்குக் கண்ணை மூடிக்குவேன். கயித்தைத்தான் தொடல.

— அப்ப இன்னிக்கு மட்டும் ஏன்...

— குனிஞ்சு குனிஞ்சு, திருடன் மாதிரி வந்து ரப்பரைத் திருப்பினீங்களே, தூணுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். கயித்தை இழுத்தா சந்தோஷப்படுற ஆளு ஒருத்தர் வந்திருக்காருன்னு அப்பதான் நம்பினேன்.