அலகு குத்துகிறவருக்கு மணிக்கட்டில் ஊசி

அடுத்தவர் வீட்டு நோவை எழுதலாமா என்று சில வருசமாகத் தயங்கினேன். ஆத்தா மன்னிக்கட்டும். ஆனைமலையில் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்தபோது, முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"எங்கூட்டுக்காரரு டாக்டரம்மா விரலைக் கடிச்சுப்போட்டாருங்க்கா."

"அடக் கடவுளே! ஏனம்மணி?"

"சோறு எறங்கலைன்னு வாய் வழியா குழாய் உட்டுப் பாத்தாங்க. ரெண்டு தடவையும் ஓங்கரிச்சுத் தள்ளிப்போட்டாரு. அதுல கடிச்சதுதான்."

"வருசாவருசம் கன்னத்துல அலகு குத்திக்கிட்டு ஆடுற மனுசனா?"

"அவரேதானுங்க்கா. ஓங்கரிப்பு அடங்க மணிக்கட்டுல அக்குபங்சர் ஊசி வெக்கலாம்னாங்க. 'ஆத்தாளுக்குத் தவிர ஆருக்கும் இந்த ஒடம்புல ஊசி எறங்காது'ன்னு எந்திரிச்சுட்டாரு."

"அய்யோ! அப்புறம்?"

"கடி வாங்குன அதே டாக்டரம்மா அவரு நெத்தியில துன்னூறு பூசி, 'ஆத்தாளையே நெனச்சுக்குங்க'ன்னாங்க. ஊசி எறங்குச்சு. குழாயும் எறங்குச்சு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"புத்துநோயிங்க்கா. ஆரம்பந்தானாமா. ஆப்ரேசன் பண்ணிப்போட்டாங்க. இந்த வருசம் அவருக்குப் பதிலா நான் அலகு குத்திக்கறேன்னு வேண்டிக்கிட்டு வாரேன்."

"கன்னத்துலயா, அம்மணி?"

"ஆமாங்க்கா. பயமாத்தான் இருக்குது."

குழாய்க்குப் பயந்து பாதியில் எழுந்து வந்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். கூட்டாமல் குறைக்காமல் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.