மஞ்சப் பட்டை போட்ட ரயில்

— இன்னும் மாமா ஆகலீங்க தம்பி. காப்பியும் வேண்டாங்க. முடிவு சொல்லாம உங்க ஊட்டுல கை நனைக்கறது மொறையில்லீங்க.

— அப்ப இந்தப் பிளாட்பாரம் பெஞ்சுலயே உக்காருங்க மாமா. ரயில் கார்டு டூட்டி முடிஞ்சுதுன்னு ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்றேன். ரித்திகா, பொங்கியண்ணன் தாத்தாகூட இருந்துக்க கண்ணு.

— சரிங்கப்பா. தாத்தா, கொஞ்சம் நகருங்க. உங்க வேட்டி என்ற ரயில் மேல படுது.

— இதென்ன அம்மணி, அட்டையில ரெண்டு ரயிலு?

— செவப்பு, அப்பா போற பொள்ளாச்சி வண்டி. நீலம், ஊட்டி மலை ரயில். ரெண்டும் ரெண்டு கம்பெனி. ஒண்ணாச் சேந்துருச்சுன்னு வெச்சுக்கங்க. என்ன பேரு வெக்கலாம்? என்ன பெயிண்டு அடிக்கலாம்?

— எல்லாம் ஒரே சர்க்கார் ரயிலு. கம்பெனி எங்கிருந்து வந்துச்சு?

— வெச்சுக்கங்கன்னுதானே சொன்னேன்.

— வெச்சுக்கிட்டாலும் நம்ப மாட்டேன். எங்க சிங்காநல்லூர்ப் பக்கம் ரெண்டு மில்லு ஒண்ணாச்சு. பெரிய மில்லு போர்டு மேல நின்னுச்சு. சின்ன மில்லுக்காரன் கேட்டுக்கு வெளிய நின்னான்.

— இதுல அப்படி ஆகாது. என்ற அட்டையில ரெண்டுக்கும் தண்டவாளம் ஒரே அகலம்.

— அகலம் ஒண்ணாயிருந்தா மனசு ஒண்ணாயிருமா? உங்கப்பனுக்கு என்ற மகளெக் கேக்கறாங்க, தெரியுமா உனக்கு?

— தெரியும். பிரியா அத்தை. அவங்க ஊட்டுக்காரர் செத்துட்டாரு. எங்கம்மா மாதிரி.

— அவளுக்கொரு பையன் இருக்கான், மிதுன். அஞ்சு வயசு. நாளைக்கு உங்க ஊட்டுக்கு வந்தான்னா அவந்தான் அம்மணி சின்ன மில்லு. அதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்.

— பேரு சொல்லுங்க தாத்தா. பொள்ளாச்சி ஊட்டி ரயில்?

— பாத்தியா, பொள்ளாச்சி முந்திக்கிச்சு.

— ஊட்டி பொள்ளாச்சி?

— இப்பப் பொள்ளாச்சிக்காரன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். ஊருப் பேரே ஆவாது. ஆத்துப் பேரு வெய்யி. நொய்யல் ரயிலுன்னு.

— ஆத்துக்கும்தான் சண்டை போடறாங்க, டி.வி.யில காட்டறாங்களே.

— அது தண்ணிக்கு. பேருக்கு எவனும் அடிச்சுக்கறதில்ல.

— சரி, எழுதிக்கறேன். பெயிண்டு? செவப்பையும் நீலத்தையும் கலக்கிப் பாத்தேன். இந்தா பாருங்க.

— ச்சை, சொத்தைக் கத்திரிக்காயாட்ட இருக்குது. ரெண்டும் கெட்டுப்போச்சு. கலக்காதே கண்ணு. செவப்பு செவப்பாவே இருக்கட்டும், நீலம் நீலமாவே இருக்கட்டும். சன்னலுக்குக் கீழ மட்டும், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மஞ்சப் பட்டை ஒண்ணு இழு.

— ஏன் மஞ்ச?

— நல்ல காரியம்னா மஞ்சதானே... அட, இழுன்னா இழு. நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லு. இஞ்சின் ரெண்டு இருக்குதே, எதெக் கழட்டி உடுவே?

— எதையுமே இல்ல. பொள்ளாச்சி இஞ்சின் முன்னாடி இழுக்கும். மலை ரயிலுக்கு இஞ்சின் பின்னாடிதானே, ஏத்தத்துல தள்ளிக்கிட்டே போகும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் நடுவுல இருக்கற பொட்டியெல்லாம் உருண்டு கீழ வந்துரும்.

— யாரு சொல்லிக் குடுத்தா இதெ?

— யாருமில்ல. ஏன் தாத்தா கண்ணெத் தொடைக்கறீங்க?

— பாலக்காட்டுக் காத்து. மண்ணெ வாரிக் கொட்டுது. உங்கப்பன் வாராரு பாரு.

— நேரமாயிருச்சுங்க மாமா. இவ ஏதாச்சும் தொந்தரவு பண்ணினாளுங்களா?

— தம்பி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. வேண்டாம்னு சொல்லத்தான் பஸ் ஏறினேன். எம் பேரனெ ஓரங்கட்டிருவீங்கன்னு பயமுங்க. இப்ப அந்தப் பயம் இல்லீங்க. எனக்குச் சம்மதம். நாள் பாருங்க.

— ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா இப்ப நாள் பாக்க முடியாதுங்க. இன்னொருத்தர் சம்மதிக்கோணும். நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிர்றா.

— அது யாருங்க?

— உங்க பக்கத்துலதானுங்க உக்காந்திருக்கா.

— அப்பா, அந்த அத்தையும் மிதுனும் மட்டும்னா எனக்கு வேண்டாம். இந்தத் தாத்தாவும் வாரதுன்னா சரி.