கப்பலுக்கு முன்னாடி எந்த ஊரு?

கூடலூர் பஸ் நடுவட்டம் தாண்டியதும், என் முன் சீட்டில் இருந்த கோயம்புத்தூர்க்கார அம்மா தூக்கம் கலைந்து, பக்கத்தில் இருந்த தேயிலை எஸ்டேட் பெண்ணை விசாரிக்க ஆரம்பித்தார்.

“ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?”

“நெல்லியாளம் பக்கம் எஸ்டேட்டும்மா.”

“அதில்லீங்க, பூர்வீகம்?”

“தாத்தா சிலோன்ல இருந்து வந்தவரு. கண்டி.”

“அதுக்கு முன்னாடி?”

“கப்பல்ல இருந்தாங்க.”

“கப்பலுக்கு முன்னாடி எந்த ஊருங்க?”

நான் ஜன்னலை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“தெரியலையேம்மா.”

“இல்லீங்க, நீங்க என்ன ஆளுங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்.”

“இப்பக் கேக்குறீங்களே! ஊட்டியில இருந்து என் தோள்லதானே தலை வச்சுத் தூங்குனீங்க? ஏறும்போதே கேட்டிருக்கலாம்ல?”

கோயம்புத்தூர் அம்மா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த கொண்டை ஊசி வளைவிலேயே பஸ் அவரைக் கொண்டுபோய் அதே தோளில் சாய்த்தது.

“நல்லாச் சாஞ்சுக்கோங்கம்மா,” என்றார் எஸ்டேட் பெண். “கீழ போற வரைக்கும் வளைவுதான். என்ன ஆளுன்னு கூடலூர்ல எறங்கி விசாரிச்சுக்கலாம்.”