உடையாத பல்

மகள்: துப்புப்பா.

அப்பா: என்னத்தைத் துப்ப? வாயில ஒண்ணுமில்ல.

மகள்: மண்டபத்து ரூம் கதவைத் திறக்கும்போதே கடக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ஐஸ் கட்டிதானே?

அப்பா: அது... கரைஞ்சு போச்சு.

மகள்: கரையல, கடிச்சுட்டே. பொய் சொல்றப்பவே தாடைல தண்ணி ஒழுகுது. இந்தா துண்டு, துடை.

அப்பா: மத்தியானத்துல இருந்து டிரம்பெட் ஊதி ஊதி உதடு காந்துதும்மா. அதான் ஒரு கட்டி...

மகள்: உதட்டுல வச்சுக்கோ, யாரு வேணாங்கறா? பல்லால எதுக்குக் கடிக்கறே? அதுவும் முன்பல்லால! வெனீர்னா என்ன, கருங்கல்லா? நகம் கனத்துக்கு ஒரு பீங்கான் ஓடு. உன் பல்லு மேல ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்.

அப்பா: எனக்கே பாடமா? நீ பண்ணதுதானே, தெரியாதா எனக்கு?

மகள்: நான் பண்ணதுங்கறதாலதான் வயிறு எரியுது. பல் லேப்ல எத்தனை பேருக்குப் பண்றேன்! யாருக்காவது இப்படிப் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருப்பேனா? நிறம் சரியா வரலைன்னு திரும்பத் திரும்ப ஃபர்னஸ் சூளைல வச்சு எடுத்தேன். கூட வேலை பாக்கறவங்க எல்லாம் கிண்டல் பண்ணாங்க, இது பல்லா, நகையான்னு.

அப்பா: யாரு இல்லைன்னா? போற இடத்துல எல்லாம் கேக்கறாங்க, இந்தப் பல்லு எங்கே வச்சீங்கன்னு. என் பொண்ணுன்னு சொல்வேன். ஓ, டாக்டரான்னு கேப்பாங்க. டாக்டர் ஒட்டத்தான் ஒட்டுவாரு, பல்லையே பண்றவ என் பொண்ணுன்னு சொல்வேன்.

மகள்: ரொம்ப ஐஸ் வைக்காதே, ஏற்கெனவே போதுமான அளவுக்குத் தின்னாச்சு. போன வாரம் அந்தப் பிறந்தநாள் விசேஷத்துல என்ன பண்ணே?

அப்பா: என்ன பண்ணேன்? வாசிச்சேன், வந்தேன்.

மகள்: முழுப் பாதாமா எடுத்து முன்பல்லால உடைச்சுட்டு இருந்தியாம்.

அப்பா: யாரு, உங்கம்மா சொன்னாளா? ஒரு ஓரமா நின்னு ரெண்டு பாதாம் திங்க முடியல இந்த உலகத்துல...

மகள்: அதுக்கு முன்னாடி சோடா பாட்டில் மூடியைப் பல்லால திறந்திருக்கே. நான் பொறந்ததுல இருந்து நீ அந்த வேலையைப் பண்ணி நான் பார்த்ததே இல்ல!

அப்பா: ஓப்பனர் கிடைக்கலம்மா.

மகள்: பிஸ்கட் பாக்கெட் கிழிக்க கத்திரி கிடைக்கல, பாட்டில் திறக்க ஓப்பனர் கிடைக்கல... படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? விசேஷ வீட்டுல தட்டு தட்டா நீட்டுவாங்க, எதையும் முன்பல்லால கடிக்காதே, துண்டு போட்டுக் கடைவாய்ல மெல்லு. கலர் ஜூஸ் குடிச்சா கையோட வாய் கொப்பளி. ஓட்டுல கறை ஏறாது, ஆனா ஒட்டியிருக்கிற விளிம்புல ஏறும். ராத்திரி அந்த பிளாஸ்டிக் உறையை மாட்டிட்டுப் படு...

அப்பா: அதை மாட்டினா நான் பேசறது உங்கம்மாவுக்குப் புரிய மாட்டேங்குது.

மகள்: மாட்டலைன்னா மட்டும் புரியுதாக்கும்?

அப்பா: அதுவும் சரிதான். ஆமா, லீவு நாளும் அதுவுமா நீ எதுக்கு இங்க வந்தே?

மகள்: சும்மாதான். உனக்கு டீ கொண்டு வரலாம்னு...

அப்பா: டீ எங்கே?

மகள்: ...மறந்துட்டேன்.

அப்பா: நல்லா கொண்டு வந்தே போ.

மகள்: வெளிய நின்னு கடைசிப் பாட்டைக் கேட்டேன்ப்பா. டிரம்பெட் நல்லா இருந்துச்சு.

அப்பா: எந்த இடம்?

மகள்: அந்த ரெண்டாவது தடவை மேல ஏறுமே, அங்க. நீதானே ஊதினே?

அப்பா: நானும் நம்ம டிரம்பெட் பையன் ஒல்லியும். ரெண்டு பேரும் சேர்ந்துதான்.

மகள்: ரெண்டு பேரும்...

அப்பா: ஒல்லி நல்லா வருவான், பாரேன். நேத்து வந்த பையன் மாதிரியே இல்ல. மூச்சு அப்படி நிக்குது அவனுக்கு.

மகள்: நான் உன்னைப் பத்திக் கேட்டேன்.

அப்பா: நானும்... இருந்தேனே. பக்கத்துலதான் நின்னேன்.

பேண்ட் மாஸ்டர்: அண்ணே! இங்கயா இருக்கீங்க? அட, பாப்பாவும் வந்திருக்கா! அண்ணே, ஒல்லி கிளம்பிட்டான். பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சாம், ஆஸ்பத்திரிக்கு ஓடறான்.

அப்பா: கிளம்பிட்டானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?

பேண்ட் மாஸ்டர்: பதற்றத்துல யாருக்குத்தான் சொல்லத் தோணும்? விடுங்க. சாப்பாடு முடிஞ்சதும் விசேஷக்காரப் பெரியவங்க ரெண்டு பேரோட பாட்டு. அவங்க கல்யாணத்துல வாசிச்ச பாட்டாம். ஐம்பது வருஷம் கழிச்சு அதையே கேக்கணும்னு அந்தம்மாவுக்கு ஆசை. முதல் வரி முழுக்க டிரம்பெட் மட்டும் தனியா. அப்புறம்தான் நாங்க எல்லாம் சேருவோம்.

அப்பா: மாஸ்டர்... அதை கிளாரினெட்ல எடுத்தா என்ன?

பேண்ட் மாஸ்டர்: என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. டிரம் பக்கத்துலயே நின்னு இந்தக் காது போயே போச்சு.

அப்பா: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல...

பேண்ட் மாஸ்டர்: நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை? பாப்பா, அப்பாவை ரெண்டு வாய் சாப்பிட வை. வர்றேன்.

மகள்: போயிட்டாரு.

அப்பா: கதவைச் சாத்து.

மகள்: என்னப்பா? முகமே வெளுத்துப் போச்சு.

அப்பா: என்னால முடியாதும்மா.

மகள்: எது?

அப்பா: ஊத. எனக்குச் சத்தம் வரல. இந்தப் பல்லு வச்சதுல இருந்தே... வரல.

மகள்: வரலைன்னா?

அப்பா: வாயில வைக்கறேன், விரல் பாட்டுக்குப் போகுது, காத்து மட்டும் எங்க போய் முட்டுதுன்னே தெரியல. பிசிறடிக்குது. ஒல்லிதான் முதல்ல கண்டுபிடிச்சான். நீங்க சும்மா வாயில வச்சுக்கிட்டு நில்லுங்கண்ணே, நான் சேர்த்து ஊதிக்கறேன்னான். இந்த சீசன் பூரா பொம்மை மாதிரி நின்னுட்டு வர்றேன்.

மகள்: வீட்டுல ஊதிப் பார்த்தியா?

அப்பா: மொட்டை மாடில, உங்கம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு டிரம்பெட் வாயில துணியை அடைச்சுக்கிட்டு... எவ்வளவோ பார்த்துட்டேன்.

மகள்: பல்லால எப்படிப்பா...

அப்பா: இந்த இடது முன்பல்லு மூலை உடைஞ்சிருந்துச்சே, சைக்கிள்ல இருந்து விழுந்து. அந்தப் பள்ளத்துலதான் என் உதடு போய் உக்காரும். நானா அப்படிக் கத்துக்கல, வாயே ஒரு வழி பண்ணிக்கிச்சு. நீ அதை மூடி, நேராக்கி... ரொம்ப அழகா பண்ணிட்டே.

மகள்: ஏன் என்கிட்ட சொல்லல?

அப்பா: எப்படிச் சொல்ல? உன் கல்யாண ஆல்பத்தை மடியில வச்சுக்கிட்டு அழுதியே. ஊர் கல்யாணத்துக்கு எல்லாம் வாசிக்கிற மனுஷன், சொந்தப் பொண்ணு கல்யாண போட்டோல வாயை மூடிட்டு நிக்கறியேன்னு. அப்புறம் இதைப் பண்ணி வச்சு, நீயே கண்ணாடி பிடிச்சுக் காட்டினே. நான் எங்க பல்லைப் பார்த்தேன்? உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் எந்த வாயால வேணாம்னு சொல்ல?

மகள்: அதுக்குன்னு இப்படியா...

அப்பா: அதான், தானா உடைஞ்சுட்டா நல்லதுன்னு...

மகள்: என்னது?

அப்பா: பாதாம், பாட்டில் மூடி, ஐஸ்... ஏதாவது ஒண்ணுல உடைஞ்சு போச்சுன்னா, நீ என்னை நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவே. உன் மனசும் நோகாது, எனக்கும் பழையபடி...

மகள்: ஐயோ அப்பா! ஓடு மட்டுமா உடையும்? உள்ள இருக்கிற உன் சொந்தப் பல்லும் சேர்ந்து போயிருந்தா?

அப்பா: எங்க உடையுது? நீ பண்ணது அவ்வளவு கெட்டி. ஒரு கீறல் விழ மாட்டேங்குதே!

மகள்: சிரிப்பு காட்டாதே. எனக்கு அழுகை வருது.

அப்பா: அழாதே கண்ணு. நான் போய் மாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். இத்தனை வருஷம் ஊதியாச்சு. போதும்.

மகள்: நிஜமா போதுமா உனக்கு?

அப்பா: போதாதும்மா. அத்தனை பேர் முன்னாடி ஊதற மாதிரி நடிக்கறப்ப, அப்படியே எங்கயாவது ஓடிப் போயிடலாம் போல இருக்கு.

மகள்: அப்ப எழுந்திரு. செருப்பை மாட்டு.

அப்பா: எங்க?

மகள்: பின் தெருவுக்கு, டாக்டர்கிட்ட. ஓட்டைக் கழட்ட வேணாம். அந்த மூலையை மட்டும் மெல்ல ராவி, வழவழன்னு ஆக்கிட்டா போதும். ஊசி கூட வேணாம், உதடு மரத்துப் போகாது. உன் பழைய பல்லுக்கு பிளாஸ்டர்ல அச்சு எடுத்திருந்தோம். எவ்வளவு உடைஞ்சிருந்துச்சோ அவ்வளவே எடுப்பாரு. சாப்பாடு முடியறதுக்குள்ள வந்துடலாம்.

அப்பா: நீ அவ்வளவு ஆசையா பண்ணதை...

மகள்: போகட்டும். நான்தான் கேக்காம பண்ணிட்டேன். எல்லாப் பல்லையும் நேராக்கிப் பழகின கை, நேரா இருந்தா நல்லதுன்னு நினைச்சுடுச்சு.

அப்பா: உடனே சத்தம் வந்துடுமா?

மகள்: தெரியாது. வாயில வச்சுப் பார்த்தாதான் தெரியும். பிசிறடிச்சா அடிக்கட்டும், நீயே ஊதின பிசிறா இருக்கட்டும்.

அப்பா: இரு இரு... இன்னைக்கு லீவாச்சே. கிளினிக் எப்படித் திறந்திருக்கும்?

மகள்: திறந்திருக்கு. உனக்காக உக்காந்திருக்காரு.

அப்பா: எனக்காகவா? நான் இப்பதானே உன்கிட்டயே சொன்னேன்?

மகள்: கடைசி ரெண்டு பாட்டு பாக்கி இருக்கும்போதே ஒல்லி எனக்கு போன் பண்ணான். இதை முடிச்சதும் ஆஸ்பத்திரிக்கு ஓடறேன், அண்ணன் தனியா மாட்டிக்குவாரு, ஓடி வாங்கக்கான்னு.

அப்பா: படுபாவி! யாருக்கும் மூச்சு விட மாட்டேன்னு சத்தியம் பண்ணானே. அவன்தான் உனக்கு எல்லாத்தையும் சொன்னானா?

மகள்: அவனைத் திட்டாதே. அவன் சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்குத் தெரியும்ப்பா. பல்லு வச்சதும் நடந்த முதல் விசேஷத்துலயே ஜன்னல் பக்கம் நின்னு கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல நீ இல்ல. குழந்தைல இருந்து உன் சத்தத்தைக் கேட்டுத் தூங்கினவளுக்கு அது கூடவா தெரியாது? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். நிஜம் அது இல்ல. வீட்டுல நீ கையை வச்சு வாயை மறைக்காம சிரிக்க ஆரம்பிச்சே... இன்னும் ஒரு நாள் பார்த்துக்கறேன், இன்னும் ஒரே ஒரு நாள்னு, தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிட்டு இருந்துட்டேன்ப்பா.