மலோங்கா கேப்டனோட இருமல்

இரு எலெங்காண்ணே, வாக்கிடாக்கிய அணைச்சிடாத. வயிறு புண்ணாகுற மாதிரி ஒரு கதை வச்சிருக்கேன். உடனே சொல்ல மாட்டேன். மொதல்ல சொல்லு, இன்னைக்கு கருவாடா? வாசனை தண்டவாளம் தாண்டி வருது, பாவி.

எங்க ஆளுங்களா? எல்லாரும் இருக்காங்க. இப்ப ஆஜர் எடுத்தப்ப நீயும்தான ஒட்டுக்கேட்ட? கேப்டன் மலோங்கா இருமினாரு, பாஸ்டர் பசி பசின்னு பாடினான், ம்பெம்பா மூக்கால பேசினான். அத நீ பழைய மினிபஸ்ல ஆள் எண்ணுன மாதிரி எண்ணிச் சொல்லித்தான உங்க கட்சிப் படை இந்தப் பக்கம் தாண்டுறதா வேணாமான்னு முடிவு பண்ணுது? கோச்சுக்காத, நாங்களும் உங்கள அப்படித்தான் எண்ணுறோம்.

சும்மா கேக்குறேன். எங்க பையன் ஒருத்தனோட அம்மா உங்க பக்கம் மாதா கோயில்ல ஒதுங்கியிருக்கு. துப்பாக்கிய போட்டுட்டு, கையத் தூக்கிட்டு வந்தா விடுவீங்களா? மாட்டீங்களா? ஆமா, பின்னாடி மலோங்கா ஆளுங்க இருக்கறவரைக்கும் எப்படி நம்புவீங்க. நியாயந்தான்.

சரி, கதைக்கு வர்றேன். ஒரு பய, எவன் குரலையும் அப்படியே பேசுவான். ஹெட்மாஸ்டர் குரல்ல ஜன்னல் வழியா லீவுன்னு கத்தி, பள்ளிக்கூடத்தையே வீட்டுக்கு அனுப்பினவன். இரு, சிரிப்பு வர்ற எடம் இது இல்ல. அவனும் ஒரு கட்சிப் படையில சேந்தான். அவன் காவல் இருந்த எடத்துல குண்டு விழுந்துச்சு. அடிபட்டவங்கள லாரியில ஏத்துனாங்க. உனக்கு எடமில்லடா, திரும்பி வர்றோம்னு போனாங்க. வரல.

தனி ஆளுன்னு எதிராளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வந்து முடிச்சிருவான். அதனால என்ன பண்ணான் தெரியுமா? தெனமும் ஆஜர் எடுத்தான். அவனே பேரு கூப்பிட்டான், அவனே எல்லார் குரல்லயும் இருக்கேன்னு சொன்னான். ஆஜர் முடிஞ்சப்புறம் பாஸ்டரும் ம்பெம்பாவும் சண்ட போடுவாங்க, அவனே வெலக்கிவிடுவான். ராசியான பெறகு பேச ஆள் இருக்காது.

சிரி, நல்லா சிரி. ஏமாந்த முட்டாள் யாரா? போருக்கு முன்னால மினிபஸ்ல கண்டக்டரா இருந்தவன். நல்ல மனுசன்.

...என்னண்ணே, சிரிப்ப நிறுத்திட்ட?

கேப்டன்கிட்ட குடுக்கணுமா? ம்க்கும், ம்க்கும். மலோங்கா பேசுறேன், சொல்லு தம்பி.

பாஸ்டரா? இதோ, பசி பசி...

சேந்தா? கேப்டன் இருமறப்பவே பாஸ்டர் பாடணுமா?

அது மட்டும் முடியாதுண்ணே. ஒரு வாய்தான் இருக்கு.

பின்னாடி யாரும் இல்ல.

கையத் தூக்கிட்டு வரட்டுமா?