கொக்கியின் அடியில் நிற்பவர்களுக்காக

துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையை விடாமல் பிடித்திருக்கும், மனைவியை இழந்த என் தம்பியே, வேலை உடையோடு அப்படியே வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். கிரேன் ஓட்டுநர்கள் சார்பில் பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். 

நம் கம்பியில்லாத் தொடர்புப் பாதுகாப்புப் பொறியாளர் மறைந்துவிட்டார். அந்த நீண்ட பட்டம் அலுவலகத்துக்கு. நமக்கோ எதையும் பூட்டிவைக்கச் சொல்லும் பூட்டக்கா! வயதில் மூத்த நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வைஃபை கடவுச்சொல்லை யாராவது இயந்திரத்தின் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தால், கைக்குட்டையால் அழித்துவிட்டு, "இதுக்கு வீட்டுச் சாவியத் தெருவுல மாட்டிட்டுப் போங்களேன்" என்பார். சிரித்துக்கொண்டே திட்ட இனி யார் இருக்கிறார்கள்? அந்தச் சிரிப்பைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. மனம் ஆறவில்லை, தோழர்களே!

உணவுக்கூடத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? அப்போது நம் கிரேன் ரிமோட்டின் சமிக்ஞைக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. வெளியாள் ஒருவன் அதைக் காற்றிலேயே பிடித்துவைத்துத் திரும்ப அனுப்பினால் கிரேன் அவன் இஷ்டத்துக்கு நகரும். அக்கா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் மேலாளரைச் சன்னலோரம் தேநீர் குடிக்க அழைத்தார். கடைத்தெருவில் வாங்கிய சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். எதிரே, முன்பே ஆட்களை வெளியேற்றியிருந்த கிரேன் கூடத்தில், கிரேன் தானாக நகர்ந்தது. மேலாளர் அவர்களே, உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அன்றே எல்லாக் கிரேன்களையும் நிறுத்தினீர்கள். அந்தப் பெருமை உங்களுக்கும் உண்டு.

ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் புது ரிமோட்டுகள் வரும்வரை உற்பத்தி நின்றது. நாம் முணுமுணுத்தோம். "புருஷன் கிரேனுக்குக் கீழ சங்கிலி கட்டுறாருல்ல, அதான் இந்தப் பாடு" என்று சிலர் கேலி செய்தார்கள். அக்காவுக்குக் கோபமே வரவில்லை. "ஆமா, அவருக்காகத்தான். அவர் பக்கத்துல நிக்கிற உங்கள மட்டும் தள்ளி நிக்கச் சொல்லவா?" என்றார்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஓர் ஆணை! புது ரிமோட் பழுதானால் சரிசெய்ய ஆளில்லையாம். வேறு பொறியாளர் வரும்வரை பழைய ரிமோட்டுகளையே பயன்படுத்த வேண்டுமாம். தற்காலிகமாகவாம்! கொக்கியிலிருந்து விழும் இரும்பு தற்காலிகமாகவா விழும்?

நேற்று தம்பியின் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். "தலைக்கு மேல சரக்கு ஆடும்போது ஒரு தடவகூட நான் பயந்ததில்லண்ணே. அவ பாத்துக்குவான்னு இருந்துட்டேன். இப்ப பயமா இருக்கு" என்றார். 

இரவோடு இரவாக ஓட்டுநர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டேன். பழைய ரிமோட்டை எங்களில் ஒருவரும் தொடமாட்டோம். ஆணை திரும்பப் பெறப்படும்வரை எந்தக் கொக்கியும் சரக்கைத் தூக்காது. மேலாளர் அவர்களே, இது மிரட்டல் அல்ல. அக்காவுக்கு நாங்கள் செலுத்தும் அஞ்சலி.

தம்பி, திங்கட்கிழமை நீ வா. உன் தலைக்கு மேல் எது நகர்ந்தாலும் எங்கள் கை சொல்லித்தான் நகரும். வேறு எவன் சொல்லியும் நகராது.