திருவிழா நாளில் எழுதிய சீனி

எனது பெயர் சவரிமுத்து லூர்தம்மா. வயது 64. கஹவத்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஏழாம் லயத்து வீட்டில் வசிக்கிறேன். பள்ளிக்கூடம் போகவில்லை. நான் தன்னைத் தள்ளி விழுத்தி, கர்ப்பிணி அட்டையைத் திருடியதாக, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பரராசசிங்கம் செய்த முறைப்பாடு சம்பந்தமாகப் பொலிஸில் இதைச் சொல்கிறேன்.

என் மகள் அனிற்றா ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, இரத்தத்தில் சீனி பார்க்க வெறும் வயிற்றோடு மூன்று தடவை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். மூன்று தடவையும் இரத்தம் தொட்டு மெஷினுக்குப் போடும் பட்டி இல்லையென்று திருப்பி அனுப்பினார். மூன்றாந் தடவை கர்ப்பிணி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஜூன் முடிவில்தான் தந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் நாங்கள் பார்க்கவில்லை.

அதன்பின் செப்டெம்பர் 11 காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் லொறியிலேயே ஆண்பிள்ளை பிறந்தது. தோள் சிக்கித்தான் வந்தது. நாலரைக் கிலோ. கூட வந்த பெண்கள் ராஜா பிள்ளை என்றார்கள். நானும் சொன்னேன். பிள்ளை வெடவெடவென்று நடுங்கியது. குளிர் என்று கம்பளியால் சுற்றினேன். பால் குடிக்காமல் தூங்கியதை, நல்ல பிள்ளை என்றேன்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா இருவருக்கும் இரத்தம் பார்த்தார். தாய்க்குச் சீனி அதிகம், பிள்ளைக்கு மிகக் குறைவு. தாயின் சீனிக்கு வயிற்றிலேயே பழகிய உடம்பு, கொடி அறுத்ததும் அது நின்றுபோய்ப் பிள்ளையின் சீனி விழுந்துவிட்டது, முன்பே தெரிந்திருந்தால் சாப்பாட்டாலும் ஊசியாலும் அடக்கியிருக்கலாம் என்றார். பிள்ளைக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. தோள் சிக்கியதில் வலது கை அசையவில்லை.

ஜூன் 13 சோதித்ததில் சீனி இல்லை என்று அட்டையில் இருப்பதாக டாக்டர் அம்மா வாசித்தார். அன்று அந்தோனியார் திருவிழா. டிஸ்பென்சரி பூட்டு. டிஸ்பென்சர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு கப் பாயாசம் குடித்தார். "அனிற்றாவுக்கும் இன்னும் கொஞ்சம் விடுங்கோ, ரெண்டு உயிரெல்லோ" என்றார். நான் ஊற்றினேன்.

அதன்பின் செப்டெம்பர் 15ஆம் திகதி அட்டையோடு டிஸ்பென்சரிக்குப் போய் அந்த எழுத்தைப் பற்றிக் கேட்டேன். அட்டையைத் தாருங்கள், திருத்தித் தருகிறேன் என்றார். "திருத்த வேண்டியது அட்டைய இல்லைங்க, என் பேரன் கைய. அதத் திருத்துங்க" என்றேன். பிடுங்க வந்தார். தள்ளினேன். மேசையோடு விழுந்தார். அட்டை என் மகளுடையது, திருட்டல்ல.

மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவாராம். கேட்க மாட்டேன். வழக்கு நடக்கட்டும். அப்போதுதான் திருவிழா அன்று எந்த மெஷினில் பார்த்தார் என்று நாலு பேர் முன்னால் அவர் சொல்ல வேண்டி வரும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடி இருக்கிறது, பொய் கலக்கவில்லை. பாயாசம் ஊற்றியது நான் என்ற வரியையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லி, இடது பெருவிரல் அடையாளம் வைக்கிறேன்.